கடற்கரைக் கோயிலை மூடவிடாத எங்கள் அக்கா

எங்கள் அக்கா இல்லாத முதல் ஆண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெறும் உங்களில் பலர் அவரைத் திருப்பூரில் மட்டுமே அறிவீர்கள். அவர் பிறந்தது தெற்கே ஒரு கடற்கரை ஊர். எங்கள் பாட்டனார் காலத்தில் ஓலைக் கொட்டகையில் தொடங்கிய பிரெஸ்பிட்டேரியன் சபையின் சிறிய கிறிஸ்தவக் கோயில் அங்கே உண்டு. ஆயர் எப்போதாவதுதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் மூப்பர்களே ஆராதனை நடத்துவார்கள். அலைச் சத்தத்துக்கு மேல் கேட்க வேண்டும் என்று எல்லோரும் உரக்கப் பாடுவோம். அக்காவின் ஞானஸ்நானமும் திருமணமும் அங்கேதான்.

கிணறுகள் உவர்த்துப்போனதும் குடும்பங்கள் ஒவ்வொன்றாக ஊரைவிட்டுக் கிளம்பின. ஐம்பதுகளின் கடைசியில் அத்தானும் அக்காவும் என்னையும் அழைத்துக்கொண்டு திருப்பூர் வந்து பனியன் கம்பெனியில் சேர்ந்தார்கள். எங்களைப் போலவே இங்கே பிழைக்க வந்த எங்கள் ஊரார் கூடி ஆராதிக்க இடமில்லை. அக்கா முதலாளியிடமே போய்க் கேட்டார்.

"ஞாயித்துக்கெழம குடோன் சும்மாதானுங்கம்மா கெடக்குது. சாமி கும்பிடறதுக்குப் போய் இத்தன தயங்கோணுமுங்களா? சாவிய வாங்கிக்குங்க" என்றார் அவர்.

துணி மூட்டைகளுக்கு நடுவே பல ஆண்டுகள் பாடினோம். எழுபதுகளின் தொடக்கத்தில் சொந்தமாக ஒரு கோயில் கட்டினோம். அந்தச் சமயத்தில் புயலடித்து, கடற்கரைக் கோயிலின் கூரையும் ஒரு சுவரும் விழுந்தன. அங்கே மிஞ்சியிருந்தவை மூன்றே குடும்பங்கள். அதை மூடிவிட்டு, மணியைத் திருப்பூருக்குக் கொண்டுவரலாம் என்று எங்கள் மூப்பர்கள் முடிவுசெய்தார்கள்.

மணியை எடுக்கப் போனவர்களோடு அக்காவும் நானும் போனோம். வண்டியில் ஏற்றும்போது அந்த மூன்று குடும்பங்களில் ஒரு மீனவப் பெண் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இதையும் கொண்டு போயிட்டீகன்னா, நாங்க ஒண்ணுமே இல்லாதவுகன்னு ஆயிரும்லா?"

அக்கா மணியை இறக்கச் சொன்னார். எங்களோடு வந்திருந்த பெரிய மூப்பருக்குக் கோபம் வந்துவிட்டது.

"சபை முடிவ மாத்த நீ யாரு?"

"நான் இங்க ஞானஸ்நானம் வாங்குனவ. மூணு குடும்பம் இருக்கையில கோயில் மூடியாச்சுன்னு எப்படிய்யா சொல்லுதிய?"

வண்டி வெறுமையாகத் திரும்பியது. அக்கா அங்கேயே தங்கிவிட்டார். அலை எட்டாத மேட்டில் அந்த மூன்று குடும்பங்களோடு கல் சுமந்து, மண் குழைத்து, மறுபடியும் கோயிலை எழுப்பினார். பொங்கல் விடுமுறையில் அத்தானும் வந்து கூரை வேய்ந்தார்.

வேலை முடிந்து திருப்பூர் திரும்பி வந்தபோது, கம்பெனியில் அக்காவின் தையல் மெஷினில் வேறொருவர் உட்கார்ந்திருந்தார். தைத்த துணியில் நூல் பிசிறு வெட்டும், கூலி குறைந்த வேலைதான் கிடைத்தது. சபையிலும் பலர் வெகுநாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. வீட்டில் அழுதாரே தவிர, செய்தது தவறென்று ஒருநாளும் அக்கா சொன்னதில்லை.

மூச்சிரைப்பு அவரைக் கொண்டுபோனபோது, கடற்கரையிலிருந்து அந்தக் குடும்பத்தார் பேருந்து பிடித்து வந்து கல்லறையில் பாடினார்கள். முதல் ஆளாகப் பெட்டிக்குத் தோள் கொடுத்தவர் பெரிய மூப்பர்.

அவருக்கும், கம்பெனிக்கு விடுமுறை விட்ட முதலாளிக்கும், ஆஸ்பத்திரியில் அக்காவை ஒருநாளும் தனியே விடாத பக்கத்து வீட்டு இஸ்லாமியச் சகோதரிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. உறவினர்கள் யாராவது தெற்கே கடற்கரைப் பக்கம் போனால் அவசியம் எங்கள் ஊருக்குப் போய் வாருங்கள். ஞாயிறு காலை அங்கே ஆராதனை நடக்கிறது.