மோட்டார் சீட்டுக்கு அடியில்

மூன்று. ஆன்டிபயாட்டிக் உடம்புக்குள் போகும் முன் மூன்று முறை ரத்தம் எடுக்க வேண்டும். முன் என்றால் முன். இதை மட்டும் மறக்காதீர்கள்.

மழைக்கோட்டு, எண்ணெய்த் துணி, நசுங்கிய போத்தல். ஆஸ்பத்திரி மோட்டார்சைக்கிள் கொட்டகையில் யோகேஸ்வரி மிஸி அடுத்தவன் சீட்டைத் தூக்கித் துழாவுகிறார். வயது ஐம்பத்திரண்டு. வார்டில் நர்ஸாக இருபத்தெட்டு வருடம். "வாய் பொய் சொல்லும் லா, சீட்டுப் பெட்டி சொல்லாது" என்பார். மாசாய்த் தொழிற்சாலை ஆட்களுக்குப் பாதி வாழ்க்கை மோட்டாரில்தான். சாவி வாங்க மிஸி ஒரே பொய்யை வைத்திருக்கிறார்: "ஒன் மோட்டார் வழிய மறைக்குதாம், கேட்டுல நிக்கிற ஜாகா கத்துறான்."

இன்றைய சாவி யுகேந்திரனுடையது. முப்பத்தொரு வயது. ஆறு வாரக் காய்ச்சலோடு தானே மோட்டார் ஓட்டி வந்து சேர்ந்தவன். இதய வால்வில் ஏதோ திரண்டு ஒட்டியிருக்கிறது. கிருமியா, இல்லை உடம்பின் எதிர்ப்புச் சக்தியே இதயத்தைக் கடிக்கிறதா? இரண்டாவது என்றால் ஸ்டீராய்டு. கிருமி இருக்கும்போது அதைக் கொடுத்தால் கிருமிக்கு விருந்து. மூன்று முறை எடுத்த ரத்தத்திலும் ஐந்து நாளாக ஒரு கிருமியும் வளரவில்லை. வேறு மாத்திரை சாப்பிட்டாயா என்று டாக்டர் ஆப்ரின் நான்கு தடவை கேட்டார். "காய்ச்சலுக்குப் பெனடால் மட்டும்தான் டாக்டர்." அவர் நம்பினார். மதியம் ஸ்டீராய்டு ஏற்றச் சொல்லி எழுதிவிட்டார்.

மழைக்கோட்டு மடிப்புக்குள், தொழிற்சாலை ஆட்களுக்கு மருந்து கொடுக்கும் பேனல் கிளினிக்கின் மூன்று பிளாஸ்டிக் உறைகள். உள்ளே ஆன்டிபயாட்டிக்கின் காலி அட்டைகள். உறையில் மையால் எழுதிய பேர்: விஜயன்.

மிஸி அவற்றை யுகேந்திரனின் போர்வைமேல் போட்டார்.

"யாருடா விஜயன்?"

"பக்கத்து மெஷின்காரன், மிஸி."

"அவன் மருந்துக்கு ஒன் வயித்துல என்ன வேல?"

"என் எம்சி லீவெல்லாம் முடிஞ்சிபோச்சி. இன்னொன்னு எடுத்தா கான்ட்ராக்ட் கட். அவன்தான் தனக்குக் காய்ச்சல்னு சொல்லி வாங்கித் தந்தான். தெரிஞ்சா அவன் வேல போயிரும், ரெண்டு புள்ளைங்க. சொல்லாதீங்க மிஸி."

"அவன் வேலைக்கு நீ சாவப்போறியா? போடோ, மடையா!"

சிரிக்கப் பார்த்தான். மூச்சு போதவில்லை.

அந்தத் தொழிற்சாலையில் சங்கம் கிடையாது. ஒருவனை ஒருவன் காட்டிக்கொடுக்காத பழக்கம் மட்டும் இருக்கிறது. அதுதான் இவனைக் கொல்கிறது. அரைகுறை மருந்து கிருமியைக் கொல்லவில்லை. ரத்தத்தில் தலைகாட்டாமல் ஒளித்துவிட்டது. எந்தக் கிருமி என்று இனி யாருக்கும் தெரியப்போவதில்லை. குத்துமதிப்பாக வாரக்கணக்கில் மருந்து ஏற்றலாம். வால்வு அதுவரை தாங்க வேண்டும். போன வருடம் இப்படி இரண்டு பேரை மிஸி முகம் மூடி அனுப்பினார்.

மேசைக்கு வந்து ஆல்கஹால் பஞ்சை எடுத்தார். விஜயன் என்ற பேரை மை கரையும்வரை தேய்த்தார். மூன்று உறையிலும் தேய்த்தார். மருந்தின் பேரைத் தொடவில்லை. பிறகு ஆப்ரினிடம் நீட்டினார்.

ஆப்ரின் பார்த்தார். ஸ்டீராய்டு என்று எழுதியதைக் குறுக்கே அடித்தார்.

"எத்தன மாத்திர சாப்பிட்டிருக்கான், அக்கா?"

அட்டைகளின் காலிக் குழிகளை மிஸி படியேறும்போதே எண்ணிவிட்டார்.

அறுபத்து மூன்று.