எனக்கும் பங்குள்ள காற்றாலையைப் பார்க்கப் போனோம்

என் ஐம்பதாவது பிறந்தநாளுக்கு மகள் எனக்குக் காற்றாலை வாங்கித் தந்தாள். முழுதாக இல்லை. லண்டனுக்கு வெளியே எசெக்ஸ் நாட்டுப்புறத்தில் ஒரு மின்சாரக் கூட்டுறவுச் சங்கம் நடத்தும் காற்றாலையிலும் பக்கத்துச் சோலார் வயலிலும் ஒரேயொரு பங்கு. நான் எதிர்பார்த்திருந்தது சேலை. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். இனி நான் கரண்ட் பில் கட்டுகிறவள் மட்டுமில்லை, கரண்ட் கடைக்குச் சொந்தக்காரி என்று சொல்லிச் சிரித்தாள்.

அந்தக் கடையைப் பார்க்க ஒரு வருடம் எடுத்தது. சங்கம் வருடத்துக்கு ஒருமுறை, செப்டெம்பர் மாதத்தின் ஒரு சனிக்கிழமையில் அங்கத்தவர் நாள் வைக்கிறது. காலையில் சுற்றிக் காட்டுவார்கள், மத்தியானம் சாப்பாடு, பிறகு ஆண்டுக் கூட்டம். இந்த முறை நான் போனதற்குக் காரணம் ஊர் பார்க்கிற ஆசை மட்டும் இல்லை. ஜெசிந்தா அக்காவுக்கு அங்கே ஒரு வழக்கு இருந்தது.

ஜெசிந்தா அக்கா மன்னார்ப் பெண். லண்டன் மனோர் பார்க் பக்கத்தில் எங்கள் தேவாலயப் பங்கு மண்டபத்தில் புதன்கிழமைகளில் வயதானவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடுகிறவர். வேதக்காரர், சைவக்காரர், பக்கத்து வீட்டு வெள்ளைக்காரர் என்று முப்பது பேருக்குக் குறையாமல் வருவார்கள். மண்டபத்து ஹீற்றர்கள் கிழடு தட்டியவை. சூடு குறைவு, பில் கூட. போன மாரிக் குளிரில் கட்டுப்படியாகாமல் ஜனவரியில் பூட்டிய மண்டபத்தைப் பங்குனியில்தான் திறந்தார்கள். இந்த மாரியிலும் வழி பிறக்காவிட்டால் பூட்டத்தான் வேண்டும் என்று பங்குக் குழு சொல்லிவிட்டது.

சங்கத்தின் இலாபத்தில் ஒரு பகுதி ஒவ்வொரு வருடமும் ஒரு பொதுவேலைக்குப் போகும். எந்த வேலைக்கு என்பதை அங்கத்தவர்கள் கை தூக்கித் தீர்மானிப்பார்கள். எவ்வளவு பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான். மண்டபத்தின் பெயரில் ஒரு பங்கு வாங்கி, கூரைக்குச் சோலாரும் புது ஹீற்றர்களும் வேண்டும் என்று ஜெசிந்தா அக்கா விண்ணப்பித்திருந்தார்.

அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவருக்கு ‘இல்லை’ என்ற சொல் வாயில் வராது. ஞானஸ்நானத்துக்கு எண்பது ரோல்ஸ் சுட ஏலுமோ என்று கேட்டால், ஓம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் கூட்டி வர ஏலுமோ, ஓம். புதன் சாப்பாடே அப்படித்தான் தொடங்கியது. யாரோ கேட்டார்கள், இவர் ஓம் போட்டார்.

நான் செவன் கிங்ஸில் 8.05க்கு ஏறினேன். அக்கா முந்தியே மனோர் பார்க்கில் ஏறி, மடியில் மீன் ரோல்ஸ் பெட்டியோடு எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார். எலிசபெத் லைனில் ஷென்பீல்ட் வரை அரை மணித்தியாலத்துக்குள். அங்கே இறங்கி கொல்செஸ்டர் ரெயின் எடுக்க வேண்டும். வார இறுதிகளில் இந்தப் பாதையில் திருத்த வேலை அடிக்கடி நடக்கும். முதல்நாள் பார்த்துவிட்டுப் போங்கள், இல்லாவிட்டால் ரெயினுக்குப் பதில் பஸ்ஸில் ஊர்வலம் போக நேரும். இரண்டு பேர் சேர்ந்து போகிற ரெயில் கார்ட் இருந்ததால் போகவர ஆளுக்கு இருபது பவுணுக்குக் கிட்ட முடிந்தது.

ரெயினில் நான் அக்காவுக்கு அரசியல் படிப்பித்தேன். இந்தச் சங்கத்தில் ஒருவர் எத்தனை வேலைக்கும் கை தூக்கலாம், கூடக் கை விழுந்த வேலைக்குக் காசு. ஊர்க்காரர் தங்கள் வேலைக்குத்தான் தூக்குவார்கள். ஆகவே நாங்கள் எங்களுடையதற்கு மட்டும் தூக்க வேண்டும், வேறு எதற்கும் கை அசையக் கூடாது. விளங்கினதோ என்று கேட்டேன்.

"ஓம் ஓம்" என்றார் அக்கா, யன்னலுக்கு வெளியே செம்மறிகளைப் பார்த்தபடி.

கொல்செஸ்டரிலிருந்து லிட்டில் தார்ன்பி என்ற அந்தக் கிராமம் ஒன்பது மைல். பஸ் இருக்கிறது, ஆனால் சனிக்கிழமையில் நினைத்த நேரத்துக்குக் கிடையாது. கவலைப்பட வேண்டாம். சங்கத்தில் ஒரு நல்ல வழக்கம், வெளியூர் அங்கத்தவரை ஊர் அங்கத்தவர் ஸ்டேஷனில் வந்து ஏற்றுவார். எங்களை ஏற்ற வந்தவர் மார்கரெட். அறுபதைத் தாண்டியவர், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கிற வேலை. பெற்றோல் காசு கொடுக்கப் போனேன், வாங்க மறுத்துவிட்டார். மீன் ரோல்ஸ் ஒன்றை மறுக்கவில்லை.

பாதி வழியில்தான் தெரிந்தது, அவருக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. வார நாட்களில் அவருடைய காரை மகன் வேலைக்குக் கொண்டுபோய்விடுவானாம். ஷிப்ட் முடிந்து பஸ்ஸில் வந்தால், இறங்குகிற நிறுத்தத்தில் ஒரு லைட் இல்லை. மாரியில் நாலரைக்கே இருட்டு, நடைபாதையும் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளைகளும் அதே இடத்தில்தான் இறங்குகிறார்கள். நிறுத்தத்துக்குக் கூரையும் சோலார் லைட்டும் கேட்டு அவரும் விண்ணப்பித்திருந்தார். சொல்லி முடித்துவிட்டுக் கண்ணாடியில் எங்களைப் பார்த்து, அப்போ எனக்கும் கை தூக்குவீர்களா என்று பகிடியாகக் கேட்டார்.

"ஓம்" என்றார் அக்கா. உடனே ஆங்கிலத்திலும் சொன்னார். நான் அவருடைய முழங்கையில் கிள்ளினேன். ஒரே கைக்கு இரண்டு ஓம்.

ஒரு வளைவு திரும்பியதும் காற்றாலை தெரிந்தது. நான் அதற்குத் தயாராக இருக்கவில்லை. படத்தில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். ஆனால் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகும், ஒவ்வொரு சிறகும் வந்து போகும்போது காது மட்டுமில்லை, நெஞ்சும் கேட்கும். தொடலாமா என்று கேட்டேன், உங்களுடையதுதானே என்றார்கள். தொட்டேன். குளிர்ந்த வெள்ளை இரும்பு. எனக்குச் சின்னப் பிள்ளைபோல் சிரிப்பு வந்தது. வாடகை வீட்டிலேயே காலம் போனவள் நான், பூமியிலே நட்டு வைத்த ஒன்று எனக்கும் சொந்தம் என்பது அந்த நிமிடம்தான் உறைத்தது. மகளுக்குப் படம் அனுப்பி, சேலையை விட இது நல்லது என்று எழுதினேன்.

சுற்றிக் காட்டியவர் கொலின், சங்கத்தின் தொண்டர் எஞ்சினியர். மின்சாரத்தைப் பற்றிப் பேச ஆள் கிடைத்தால் சோறு தண்ணி வேண்டாம் என்கிற வகை. சோலார் வயலின் ஓரத்தில், இரைச்சல் போடுகிற ஒரு பெட்டி அறைக்குள் எங்களைக் கூட்டிப் போனார். அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் அக்கா தலையாட்டி ஓம், ஓம் என்று கொண்டிருந்தார். இடி விழுந்தால் மின்சாரம் மண்ணுக்குள் இறங்க வேண்டும், அதற்கு மண்ணின் தடை குறைவாக இருக்க வேண்டும் என்று விளக்கிய கொலின், தடையை எதில் அளக்கிறோம், யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். இரைச்சலில் அக்காவுக்குக் கேள்வி விழவில்லை.

"ஓம்" என்றார் வழக்கம்போல.

கொலினின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். லோட்டரி விழுந்தவர்போல் அக்காவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். எனக்குப் பத்தாம் வகுப்பு விஞ்ஞானப் பாடம் நினைவுக்கு வந்து, சிரிப்பை அடக்க வெளியே ஓடினேன். தடையின் அலகு ஓம். அவர்களுக்குத் தடையாக இருக்கிற சொல் எங்களுக்குச் சம்மதம்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் ஊர் முழுக்கக் கதை பரவிவிட்டது, லண்டனிலிருந்து மின்சாரம் தெரிந்த ஒரு பெண்மணி வந்திருக்கிறார் என்று. சாப்பாடு கிராம மண்டபத்தில், ஆளுக்கொன்று கொண்டுவந்து பகிர்வது. எங்கள் ரோல்ஸ்தான் முதலில் முடிந்தது. சுவரோரம் வரிசையாக மேசைகள். ஒன்றில் பழைய வயரை மாற்றப் பழக்கும் வகுப்புக்குப் பெயர் எடுத்தார்கள். இன்னொன்றில் வீட்டில் சூடு எங்கே ஒழுகுகிறது என்று காட்டும் கமரா, அங்கத்தவர் இரவல் கொண்டு போகலாம். லண்டன் அங்கத்தவருக்கும் தருவார்களாம். பெயர் கொடுத்துவிட்டேன்.

கூட்டம் இரண்டு மணிக்கு. மூன்று வேலைகள் வாக்குக்கு வந்தன. கிரிக்கெட் மைதானத்துக் கொட்டகை, மார்கரெட்டின் பஸ் நிறுத்தம், எங்கள் மண்டபம். ஜெசிந்தா அக்கா பேச எழுந்தபோது யாரோ எங்கள் மண்டபத்து வயரிங் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டார், இவருக்குத் தெரியும்தானே என்ற தோரணையில். எனக்கு மின்சாரம் ஒன்றும் தெரியாது என்று அக்கா நேரே சொன்னார். எங்கள் பாஷையில் ஓம் என்றால் சரி என்று அர்த்தம், காலையிலிருந்து இந்த மனிதர் சொன்னதற்கெல்லாம் நான் சரி சொல்லிக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். மண்டபம் குலுங்கச் சிரித்தது. எல்லாரையும் விடக் கூடச் சிரித்தவர் கொலின்தான்.

கை தூக்கும் நேரம். கிரிக்கெட் கொட்டகைக்கு அதிகம் விழவில்லை. மார்கரெட்டின் நிறுத்தம் வந்தது. நான் இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டேன். பக்கத்தில் அக்காவின் கை உயர்ந்தது, அரைகுறையாக இல்லை, முழு நீளத்துக்கு.

"அக்கா, என்ன செய்யிறியள்?"

"அவவுக்கு ஓம் எண்டு சொன்னனான், பிள்ளை."

பிறகு எங்களுடையது. எண்ணினார்கள், திரும்ப எண்ணினார்கள். நிறுத்தத்துக்கு நாற்பத்தொன்று. மண்டபத்துக்கும் நாற்பத்தொன்று. எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறியது. அந்த ஒரு கை உயராமல் இருந்திருந்தால் காசு எங்களுடையது.

இந்தச் சங்கத்தில் சரிசமமாக வந்தால் சீட்டுக் குலுக்குவதில்லை. இரண்டு பேரையும் எழுப்பி, யார் ஒரு வருடம் பொறுப்பது என்று கேட்பார்கள். பொறுத்தவருக்கு அடுத்த வருடம் முதலிடம். நல்ல வழக்கம்தான், மற்றவர்களுக்கு. தலைவர் கடதாசியைப் பார்த்தார். விண்ணப்பம் வந்த வரிசையில் எங்கள் பெயர்தான் முதலில் இருந்தது. ஜெசிந்தா அக்காவிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டார், உங்களால் அடுத்த வருடம் வரை பொறுக்க ஏலுமா?

எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். இந்த மனிசிக்குத் தெரிந்த பதில் ஒன்றுதானே. மண்டபத்தில் பலரும் அந்தச் சொல்லுக்காகப் புன்னகையோடு காத்திருந்தார்கள்.

"இல்லை" என்றார் அக்கா.

முதலில் தமிழில்தான் வந்தது. பிறகு ஆங்கிலத்தில், இடையிடையே நின்று நின்று சொன்னார். போன மாரியில் மண்டபம் பூட்டியதும் சாப்பிட வருகிற வயதானவர்கள் எல்லோரும் வீட்டுக்குள் அடைந்துவிட்டார்கள். தங்கள் வீட்டு ஹீற்றரைப் போடவும் பயம். திரும்பத் திறந்தபோது இரண்டு கதிரைகளுக்கு ஆள் வரவில்லை. அவர்களால் இன்னொரு மாரிக்குப் பொறுக்க ஏலாது, மன்னிக்க வேண்டும். சொல்லி முடித்துவிட்டு உட்காராமல் அப்படியே நின்றார்.

மார்கரெட் கைப்பையைத் திறந்து ஒரு சின்ன டோர்ச்சை எடுத்து, எரிகிறதா என்று அழுத்திப் பார்த்தார். எரிந்தது. போன மாரியும் இதோடுதான் நடந்தேன் என்றார். பிறகு தலைவரைப் பார்த்து, காலையில் படித்த சொல்லைச் சுத்தமாகச் சொன்னார்.

"ஓம்."

எனக்குக் கண்ணீர் வந்தது. சொல்ல வெட்கமில்லை. முழு மண்டபமும் கை தட்டியது, தைமாதம் திறந்திருக்கப் போகிற எங்கள் மண்டபத்துக்காக.

மார்கரெட்தான் எங்களைத் திரும்ப ஸ்டேஷனில் இறக்கினார். வழியில் அந்த நிறுத்தத்தைக் காட்டினார். புல்லுக்குள் ஒரு கம்பம், அவ்வளவுதான். ரெயின் ரோம்போர்ட் தாண்டியதும் அக்கா சொன்னார்.

"நெஞ்சு இன்னும் இடிக்குது, பிள்ளை. அந்த மனிசிக்கு முன்னால இல்லை எண்டு சொல்லிப்போட்டன்."

ரெயினில் ஏறியபோது நான் கேட்க நினைத்திருந்தது வேறு. ஏன் கை தூக்கினீர்கள் என்று சண்டை பிடிக்கத்தான் இருந்தேன். பிறகு யோசித்தேன். அந்தக் கையைத் தூக்கியிருக்காவிட்டால், மார்கரெட்டின் வாயில் அந்த ஓம் வந்திருக்குமா? தெரியாது. சண்டை பிடிக்காமல் பிளாஸ்கில் மிச்சமிருந்த தேத்தண்ணியை அக்காவுக்கு ஊற்றிக் கொடுத்தேன்.

போக நினைப்பவர்களுக்கு: அங்கத்தவர் இல்லாவிட்டாலும் காலைச் சுற்றுலாவுக்கு வரலாம், இலவசம், முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். வாக்குக்கு மட்டும் பங்கு வேண்டும். காற்று பலமாக வீசும், ஜக்கெட் இல்லாமல் போகாதீர்கள். வயல் சேறு, நல்ல சப்பாத்து வேண்டாம். சாப்பாட்டுக்கு ஏதாவது கொண்டுபோங்கள், ரோல்ஸ் என்றால் இரண்டு பெட்டி. கொலின் கேட்கிற கேள்வியைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டுப் பதில் சொல்லுங்கள்.

பஸ்ஸில் திரும்புவதென்றால் ஒரு டோர்ச் கட்டாயம் வேண்டும். இந்த ஒரு மாரிக்குத்தான். அடுத்த செப்டெம்பரில் அந்த நிறுத்தத்துக்காக லண்டனிலிருந்து இரண்டு கை உயரும். ஒன்று என்னுடையது.