சேர்மனின் மூத்திரப்பையில் ஒரு நிழல்

கல்முனைக்குடியில் டொக்டர் பஸ்மிலாவை மாட்டு டொக்டர் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். கிழமை நாட்களில் வயல்பக்கத்துப் பட்டிகளுக்குப் போய் மாடுகளுக்குச் சினை பார்ப்பார். சனிக்கிழமைகளில் வீட்டோடு சேர்ந்த கிளினிக்கில் ஆடும் கோழியும் பூனையும் பார்ப்பார். மாட்டுக்கு வாங்கிய ஸ்கேன் மெஷினுக்கு, பூனை வயிற்றில் வைக்கச் சின்னதாக ஒரு கருவியும் தேடி வாங்கியிருந்தார். "பூனைக்கும் ஸ்கேனா?" என்று கணவர் றிஸ்வான்கூடச் சிரித்தார்.

இரண்டு வருடங்களுக்கு முன் அந்த ஸ்கேனில்தான் அவர் தவறினார். ஒரு கிழட்டுப் பூனையின் மூத்திரப்பையில் கட்டியைக் கண்டதும், புற்றுநோய் என்று ஐந்தே நிமிடத்தில் சொல்லிவிட்டார். பூனைக்காரி அழுதுகொண்டே கொண்டுபோனாள். ஒரு மாதத்தில் பூனை சுகமாகிவிட்டது. பஸ்மிலா கண்டது வெறும் இரத்தக் கட்டி. அந்தப் பெண் கோபிக்கவில்லை. பஸ்மிலாவுக்குத்தான் பல நாள் மனம் ஆறவில்லை.

அதனால், போன பங்குனியில் மீன் ஏலம் கூறும் மீராசா தன் பூனையை மீன் போடும் வெள்ளை றெஜிபோம் பெட்டியில் வைத்துத் தூக்கி வந்தபோது, அவர் அவசரப்படவில்லை.

பூனைக்குப் பெயர் சேர்மன். வயது பதினாலு.

"மூணு நாளா ரெத்தமா போகுது டொக்டர். சொட்டுச் சொட்டா, இடமெல்லாம்" என்றார் மீராசா.

மூத்திரப் பாதை அடைபடவில்லை என்று முதலில் தடவிப் பார்த்து உறுதி செய்துகொண்டு, பஸ்மிலா ஸ்கேன் வைத்தார். திரையில் மூத்திரப்பையின் சுவரோடு ஒட்டினாற்போல ஒரு நிழல் தெரிந்தது.

"என்ன அது?"

"ஏதோ ஒண்டு கிடக்கு காக்கா." மீராசாவை அண்ணன் முறையில் காக்கா என்றுதான் அவர் கூப்பிடுவார்.

"கேன்சரா?"

"இப்ப ஒண்டும் செல்லமாட்டன். பை வெறுமையாக் கிடக்கு. வெறும் பையில சுவரே தடிப்பாத்தான் தெரியும். நிறையட்டும், புறகு பாப்பம்."

வலிக்கு ஊசி போட்டார். மீராசா வீட்டுக்குப் போன் எடுத்தார். அவர் மனைவி றுகையா மீன் அவித்த தண்ணீரைப் போத்தலில் கொண்டு வந்தாள். சேர்மன் அதை ஒரு சொட்டு விடாமல் நக்கிக் குடித்துவிட்டு மேசையிலேயே தூங்கியது. நண்பகல் ளுஹர் தொழுகைக்குப் போய்வந்த மீராசா மறுபடியும் பக்கத்தில் உட்கார்ந்து அதன் காதைத் தடவிக்கொண்டிருந்தார்.

பை நிறைந்தது. பூனையைச் சரித்துக் கிடத்திப் பார்த்தபோது நிழல் ஒரு பக்கம் கிடந்தது. பஸ்மிலா சேர்மனை நிமிர்த்தி நிற்கவைத்து, அடிவயிற்றில் கருவியை வைத்தார். போத்தலைச் சரித்தால் அடிமண்டி நகருமே, அப்படி அந்த நிழல் மெல்ல நகர்ந்து கீழே படிந்தது. இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் பொத்தானை அழுத்தினார். அதற்குள் ஒரு நிறமும் வரவில்லை.

"காக்கா, பாருங்க. சுவரில முளைச்ச கட்டியெண்டா இப்பிடி நகராது, உள்ள ரெத்த ஓட்டமும் தெரியும்."

"அப்ப கேன்சர் இல்லையா?"

"ரெத்தம் உறைஞ்ச கட்டி மாதிரித்தான் இரிக்கி. கிருமியால பை புண்ணாகியிருக்கும். ஆனா கிழட்டுப் பூனை, முழுசா நம்பேலாது. மூத்திரத்தச் சோதிச்சு மருந்து தாறன். மூணு கிழமையால திரும்பப் பாத்தாத்தான் முடிவு செல்லுவன்."

சோதனையில் கிருமி இருந்தது. மருந்தைக் கருவாட்டுத் துண்டுக்குள் ஒளித்துவைத்துக் கொடுத்ததாக மீராசா தினமும் போனில் சொன்னார். கருவாட்டில் உப்பு அதிகம், அவித்த மீனில் வைக்கச் சொல்லி பஸ்மிலா ஏசினார்.

இருபத்தொரு நாளை எண்ணி மூன்று கிழமை கழித்து வந்தபோது, கரிய வட்டமாகத் தெரிந்த மூத்திரப்பைக்குள் எதுவும் இல்லை. சுவர் கோடு போட்டது போல மெல்லிசாக இருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள் றுகையா. மீராசா திரையைத் தன் போனில் படம் பிடித்துக்கொண்டார்.

அன்று பின்னேரம் அந்தப் படம் கடற்கரை முழுக்கச் சுற்றியது. பார்த்தவர்களில் பாதிப் பேர், யாருக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது என்று கேட்டார்களாம். அதை றிஸ்வானிடம் சொல்லிச் சொல்லி, பஸ்மிலா தேத்தண்ணீர் ஆறும்வரை சிரித்துக்கொண்டிருந்தார்.