மேல்வீட்டுக் கூடைப்பந்துக்காரி

இத்தாலியின் பலெர்மோ நகரத்தில் எங்கள் வீடு போர்கோ வெக்கியோ பகுதியில், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் இருக்கிறது. ஒரு செப்டெம்பர் மத்தியானம் அரிசிப் பையையும் மீனையும் தூக்கிக்கொண்டு படியேறினேன். கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கியபடி, மன்னாரில் இருக்கும் தம்பியை ஏசிக்கொண்டிருந்தேன். அவன் டொக்டரிடம் போகாமல் சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். என் சத்தம் கட்டடம் முழுவதும் கேட்டிருக்கும். அப்போது பின்னாலிருந்து ஒரு பெண்குரல் வந்தது.

"கத்தாதை. பிள்ளை நித்திரை."

திரும்பிப் பார்த்தேன். எனக்கு இரண்டு படி கீழே நின்றும் என் முகத்துக்கு நேராக முகம் இருந்த ஒரு கறுத்த பெண், சிரித்துக்கொண்டு நின்றாள். தோளில் பெரிய விளையாட்டுப் பை. எங்கே பிள்ளை, எந்தப் பிள்ளை நித்திரை என்று தேடினேன். எந்தப் பிள்ளையும் இல்லை. தம்பியை அப்படியே விட்டுவிட்டு, "நீங்கள் தமிழோ?" என்று கேட்டேன்.

"ஓம்," என்றாள். பிறகு தலையை ஆட்டி, "இல்லை," என்றாள். என் கையிலிருந்த அரிசிப் பையை வாங்கிக்கொண்டு முன்னால் ஏறிப் போனாள்.

அவள் பிரெஞ்சுக்காரி. தொழில்முறைக் கூடைப்பந்து விளையாடுபவள். எங்கள் நகரத்துப் பெண்கள் அணி ஒன்று அவளை ஒப்பந்தம் செய்து, எங்களுக்கு மேல்வீட்டில் குடிவைத்திருந்தது. பாரிசுக்கு வெளியே ஒரு தொடர்மாடியில் வளர்ந்தவள். தாய் ஐவரி கோஸ்டிலிருந்து வந்தவர், வைத்தியசாலையில் வேலை. தாய் வேலைக்குப் போகும் நேரமெல்லாம் பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவர்தான் இவளைப் பார்த்துக்கொண்டார். நடக்கப் பழகிய நாளிலிருந்து பத்து வயது வரைக்கும் இவளுக்குச் சோறு தீத்தி வளர்த்தது அந்த அன்ரிதான்.

அதனால் அவளிடம் இருந்தது ஒரு சின்னப் பிள்ளைக்குச் சொல்லும் தமிழ் மட்டும். சாப்பிடு, வாயைத் திற, மூக்கைச் சிந்து, அழாதை, கண்ணை மூடு. பெரியவர்களுடன் கதைக்கும் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. மரியாதையாக 'நீங்கள்' என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதல் தடவை எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது நடந்ததை இன்றைக்கும் சொல்லிச் சிரிப்போம். என் கணவர் நகர ஓரத்தில், சியாகுல்லியில் ஒரு மண்டரின் பழத் தோட்டத்தில் வேலை செய்கிறார். வந்தவுடன் பசியில் நேராக மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அவள் அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"கை கழுவினியா? காட்டு."

ஐம்பத்தாறு வயது மனிதர். இரண்டு கையையும் நீட்டினார். அவள் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஊத்தை. போ," என்றாள். அவர் எழுந்து போய்ச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தார். நான் அடுப்படிச் சுவரில் சாய்ந்துகொண்டு, சத்தம் வராமல் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் முப்பது வருடமாகச் சொல்லியும் நடக்காத காரியம் அது.

அதற்குப் பிறகு பயிற்சி முடிந்து வரும்போது கதவைத் தட்டிவிட்டுத்தான் மேலே போவாள். இத்தாலியன் பாதி, தமிழ் பாதி, இரண்டும் போதாத இடத்தில் கை என்று கதைப்போம். தன் கதையை அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள். பதினைந்து வயதில் வீட்டைவிட்டு, விளையாட்டுப் பயிற்சி விடுதி ஒன்றுக்குப் போயிருக்கிறாள். பதினெட்டில் முதல் ஒப்பந்தம். இருபத்திரண்டில் முழங்கால் திரும்பி, ஒரு வருடம் விளையாட்டே இல்லை. பிறகு பெல்ஜியம், போலந்து, ஹங்கேரி, திரும்பவும் பிரான்சில் கடற்கரையோரச் சின்ன ஊர் ஒன்று. முப்பத்திரண்டில் இங்கே. தேசிய அணித் தெரிவுக்கு ஒரே ஒரு தடவை கூப்பிட்டார்களாம். ஒரு கிழமை வைத்திருந்துவிட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

"கவலையாய் இருந்ததோ?" என்று கேட்டேன்.

"அழுதன்," என்றாள். "பிறகு சாப்பிட்டன். பிறகு விளையாடினன்."

அவள் தமிழில் அவ்வளவுதான் சொல்ல முடியும். ஆனால் அதைச் சொன்ன முகத்தில் மறைத்துவைத்த துக்கம் எதுவும் இருக்கவில்லை. போன ஊர் எல்லாவற்றிலும் தான் முதலில் படிப்பது இடது, வலது, பின்னால் ஆள் என்ற சொற்கள்தான் என்றாள். இங்கே வந்தபோதுதான், படியில் ஏறும்போதே தனக்குத் தெரிந்த மொழி கேட்டதாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பூசை முடிந்து, நானும் கணவரும் முதல்முறையாக அவளுடைய ஆட்டம் பார்க்கப் போனோம். கூடைப்பந்து பற்றி எங்களுக்கு ஒன்றும் தெரியாது. பந்து கூடைக்குள் விழ வேண்டும், அவ்வளவுதான். ஆட்டம் முடியும்வரை அவள் பந்தைத் தொட்டதே குறைவு. மற்றவர்கள் எறிந்தார்கள், மற்றவர்களுக்குக் கைதட்டல். எனக்கு மனது கேட்கவில்லை.

இரவுச் சாப்பாட்டின்போது, "ஏன் பிள்ளை, அவையள் உனக்குப் பந்து தருகினமில்லை?" என்று கேட்டேன்.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். மேசையிலிருந்த உப்புப் போத்தலையும் மிளகாய்த்தூள் போத்தலையும் எடுத்தாள். உப்பு பந்தோடு ஓடுகிறது. மிளகாய்த்தூள் அதைத் துரத்துகிறது. நடுவில் தண்ணீர்க் குவளையை வைத்தாள். மிளகாய்த்தூள் குவளையில் முட்டி நின்றது. உப்பு தடையில்லாமல் போய்ப் பந்தைக் கூடைக்குள் எறிந்தது.

"இது நான்," என்று குவளையைத் தட்டிக் காட்டினாள். "நான் நிக்கிறன். அவள் ஓடுறாள்."

இடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது. சரியான இடத்தில், சரியான நேரத்தில் போய் நின்றுவிட வேண்டும். எதிரணிப் பெண் வந்து மோதுவாள், அந்த அடியை வாங்கிக்கொள்ள வேண்டும். பதினான்கு வருடமாக அவளுக்கு எல்லா ஊரிலும் வேலை கொடுத்தது இதுதான். கணவருக்கு உடனே விளங்கிவிட்டது. அடுத்த நாளே நான் குசினிக்குள் கறிச்சட்டியோடு திரும்பினால், வாசலில் இரண்டு கையையும் மார்பில் கட்டிக்கொண்டு அசையாமல் நிற்கிறார்.

"இஞ்சாருங்கோ, விலகுங்கோவன்!"

"நான் ஒண்டும் செய்யேல்லை, சும்மா நிக்கிறன்," என்றார்.

அதற்குப் பிறகு ஒரு ஆட்டத்தையும் நாங்கள் தவறவிடவில்லை. நான் பந்தைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளையே பார்க்கப் பழகினேன். ஒருத்தி எறிந்து எல்லோரும் கத்தும்போது, அதற்கு ஒரு கணம் முன்னால் அவள் எங்கே நின்றாள் என்பது எனக்குத் தெரிந்திருக்கும்.

பெப்ரவரியில் ஒரு நாள் ஆட்டம் தொடங்கியபோது அவள் ஆடுகள ஓரத்து வாங்கில், மாற்று ஆட்டக்காரர்களோடு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இடத்தில் வடக்கிலிருந்து வந்த ஒரு இருபது வயதுப் பெண். அடுத்த கிழமையும் அப்படியே. எனக்கு நெஞ்சு கொதித்தது. ஆட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் அம்மாவிடம் நேராகப் போய், "சிஞ்ஞோரா, எங்கடை பிள்ளை என்ன பிழை செய்தவள்?" என்று இத்தாலியனில் கேட்டேவிட்டேன். அவள் ஓடி வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

"அன்ரி, நான்தான் கேட்டனான்."

"என்ன கேட்டனி?"

"அந்தப் பிள்ளை விளையாடட்டும். என்ரை கால் பத்து நிமிசம்தான் நல்லம்."

வீட்டுக்கு வந்த பிறகுதான் முழுவதையும் சொன்னாள். அடுத்த வருடம் துணைப் பயிற்சியாளராக இரு, முடிந்த அளவுக்கு விளையாடு என்று அணி கேட்டிருந்தது. தாய்க்கு அவள் பாரிசுக்கே திரும்பி வர வேண்டும் என்று விருப்பம். இவளால் முடிவெடுக்க முடியவில்லை. எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

கணவர் மண்டரின் உரித்துக்கொண்டிருந்தார். "பிள்ளை, இப்ப ஆட்டத்திலை உனக்கு எது சந்தோசம்?" என்று கேட்டார்.

அவள் யோசித்தாள். "அந்தப் பிள்ளை சரியா நிண்டால்," என்றாள். சொன்ன பிறகு தானே அதைக் கேட்டு ஆச்சரியப்பட்டவள் போல இருந்தாள். கணவர் ஒரு சுளையை அவள் பக்கம் நீட்டினார்.

மே மாதக் கடைசி ஆட்டத்துக்கு அவளுடைய தாய் பாரிசிலிருந்து வந்தார். கூடவே அந்த யாழ்ப்பாணத்து அன்ரியும் வந்துவிட்டார். குள்ளமான, சுறுசுறுப்பான பெண். என்னைக் கண்டதும் கேட்ட முதல் கேள்வி, "பிள்ளை வடிவாச் சாப்பிடுறாளோ?" என்பதுதான். அந்த ஆட்டத்தில் தோற்றால் அணி கீழ்ப் பிரிவுக்குப் போய்விடும். நாங்கள் நான்கு பேரும் ஒரே வரிசையில் இருந்தோம். தாய் கையைக் கோர்த்து மடியில் வைத்திருந்தார்.

கடைசிப் பகுதியில் அவளை இறக்கினார்கள். வேகமாக ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடினாள். உடனே என் பக்கத்திலிருந்த அன்ரி எழும்பி நின்று, மண்டபம் முழுக்கக் கேட்கக் கத்தினார்.

"ஓடாதை! விழுந்திடுவாய்!"

அவளுக்கு அது கேட்டது. ஓட்டத்திலேயே சிரித்தாள். சிரித்துக்கொண்டே போய் நின்றாள், எதிரணிப் பெண் வந்து மோதினாள், இவள் அசையவில்லை. அந்த இருபது வயதுப் பெண் தனியே போய்ப் பந்தைக் கூடைக்குள் போட்டாள். அதோடு நாங்கள் முந்தினோம், முந்தியபடியே முடித்தோம். தாய் அப்போதுதான் எழும்பினார். மகளைக் கட்டிப்பிடித்தபோது அவர் பிரெஞ்சில் ஏதோ சொன்னார். எனக்கு விளங்கவில்லை. இங்கேயே இரு, துணைப் பயிற்சியாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடு என்றுதான் சொன்னார் என்று அவள் பிறகு சொன்னாள்.

இது அவளுக்கு இங்கே மூன்றாவது வருடம். போன வருடத்தோடு விளையாடுவதை நிறுத்திவிட்டு, முழுநேரமும் பயிற்சி கொடுக்கிறாள். தமிழும் வளர்ந்துவிட்டது. இப்போது என்னை 'நீங்கள்' என்கிறாள், கோபம் வந்தால் மட்டும் பழையபடி 'நீ'. அந்த இருபது வயதுப் பெண்ணும் அவளோடு சேர்ந்து மேல்வீட்டில் இருக்கிறாள். அந்தப் பெண்ணுக்கு உறைப்புக் கொஞ்சமும் ஆகாது. அவளுக்கென்று தனியாகப் பால்கறி வைக்கிறேன். புதன்கிழமைகளில் இருவரும் எங்களோடு சாப்பிடுவதால் நான்கு பேருக்கு உலை வைக்க வேண்டும், பெரிய சட்டியை மேல்தட்டிலிருந்து எடுத்துத் தர இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள்.