வெள்ளித் தாம்பாளத்தில் சொட்டு மருந்து

எங்கள் சங்கத்தில் குத்துவிளக்கு ஏற்றாமல் எந்தக் காரியமும் தொடங்காது. கண் பரிசோதனையாக இருக்கட்டும், சித்திரை மாதத்து நீர்மோர்ப் பந்தலாக இருக்கட்டும், முதலில் மேடை வேண்டும். விளக்கேற்ற ஒரு பெரிய மனிதர் வேண்டும். அவருக்குச் சால்வை போர்த்தி, அவர் பேசி, மற்றவர்கள் அவரைப் பற்றிப் பேசி, நன்றியுரை முடிகிறவரை மோர் பானையிலேயே இருக்கும். தாகத்தோடு வந்தவர்கள் பானையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். ஒரு முறை கணவனை இழந்த ஒரு பெண்ணுக்குத் தையல் மிஷின் கொடுத்தோம். மேடையிலிருந்த ஆண்கள் எல்லோரும் மிஷினில் ஆளுக்கொரு கை வைத்துக்கொண்டார்கள். படம் கழுவி வந்தபோது அந்தப் பெண்ணின் முந்தானை மட்டும்தான் அதில் தெரிந்தது.

கே.கே. நகரில் புதிதாக வீடு கட்டி வந்த சம்பளக்காரர்களும் சில வியாபாரிகளும் சேர்ந்து தொடங்கிய சங்கம் அது. கெட்டவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. பெரியாஸ்பத்திரியில் யாருக்காவது ரத்தம் வேண்டுமென்றால் வேலையைப் போட்டுவிட்டு ஓடுவார்கள். புயலுக்கும் வெள்ளத்துக்கும் வீடு வீடாகப் போய்ப் பழைய துணி சேர்ப்பார்கள். என் கணவர் உறுப்பினர் என்பதால் கல்யாணமாகி வந்த மாதமே நான் மகளிர் அணியில் சேர்க்கப்பட்டேன். என்னை யாரும் கேட்கவில்லை. மகளிர் அணியின் வேலை சந்தனமும் கற்கண்டும் வைத்த தட்டோடு வாசலில் நிற்பது, பன்னீர் தெளிப்பது, இறைவணக்கம் பாடுவது. விலங்கியலில் பட்டம் வாங்கியிருந்தேன். பன்னீர்ச் சொம்பைச் சாய்க்காமல் பிடிக்க அந்தச் சங்கத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

என் மகள் கைக்குழந்தையாக இருந்தபோது சளி என்று குழந்தைகள் டாக்டரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவரும் எங்கள் சங்கத்தவர்தான். எனக்கு முன்னால், ஊருக்கு வெளியே இருந்த ஆனையூர்க் கிராமத்திலிருந்து வந்த ஒரு பெண் இருந்தாள். அவள் மடியிலிருந்த ஆண் குழந்தையின் ஒரு கால் மட்டும் துணி மாதிரி தொங்கியது. காய்ச்சல் விட்டுப்போச்சே, காலு மட்டும் ஏன் இன்னும் வரலை என்று அவள் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். டாக்டர் தரையைப் பார்த்தபடி பதில் சொன்னார். அன்றிரவு என் மகளின் இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி மடக்கி நீட்டிப் பார்த்தேன். அவள் உதைத்தாள். உதைக்கிற வேகம் போதுமா என்று அதற்கும் பயந்தேன்.

அடுத்த கூட்டத்தில் நான் முதன்முறையாக எழுந்து பேசினேன். ஆனையூரில் இளம்பிள்ளை வாதத்துக்குச் சொட்டு மருந்து கொடுக்கும் முகாம் நடத்த வேண்டும் என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். தலைவர் ஜவுளி வியாபாரி, கலகலப்பான மனிதர். என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார். நம்ம தங்கச்சி சொல்லிருச்சு, சும்மா ஜாம்ஜாம்னு செஞ்சுருவோம் என்றார். அந்த ஜாம்ஜாம் என்ற வார்த்தையைக் கேட்டபோதே எனக்கு உறுத்தியிருக்க வேண்டும். உறுத்தவில்லை, சந்தோஷமாக இருந்தது.

முகாம் அன்று காலை டாக்டர் ஐஸ் நிரப்பிய பெரிய பிளாஸ்க்கில் மருந்துக் குப்பிகளை வைத்து என்னிடம் கொடுத்தார். ஆஸ்பத்திரியில் ஒரு குழந்தைக்கு மோசமாக இருப்பதால் தன்னால் பிறகுதான் வர முடியும் என்றார். கொடுக்கும்போது சொன்னார்: "இது உயிருள்ள மருந்தும்மா. சூடு பட்டா செத்துரும். செத்தாலும் பார்த்தா தெரியாது, நிறம் மாறாது, ஒன்னும் மாறாது. கொடுக்கற நிமிஷம் வரைக்கும் ஐஸ்லயே இருக்கட்டும்." நான் அதைத் தலைவரிடம் சொன்னேன், செயலாளரிடம் சொன்னேன், மகளிர் அணியில் ஒவ்வொருவரிடமும் சொன்னேன். எல்லோரும் தலையாட்டினார்கள். ஒருவேளை நான் சொன்ன விதம் சரியில்லையோ என்று இன்றுவரை யோசிக்கிறேன். பிறகு, அதைவிட எப்படிச் சொல்வது என்று கோபம் வருகிறது.

ஆனையூரில் பள்ளிக்கூடத்துக்கு முன்னால் சாமியானா போட்டிருந்தார்கள். அதன் நிழல் மேடைக்கும் நாற்காலிகளுக்கும்தான் போதுமானதாக இருந்தது. தாய்மார்கள் வெளியே, வெயிலில், குழந்தைகளின் தலையில் முந்தானையைப் போட்டு மூடிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வயல் வேலையை விட்டு வந்தவர்கள், தலையில் எண்ணெய் வைத்துச் சீவி, குழந்தைக்குப் பொட்டு வைத்துக் கூட்டி வந்திருந்தார்கள். விளக்கேற்ற வேண்டியவர் வரவில்லை. வருவார், கிளம்பிவிட்டார், வந்துகொண்டே இருக்கிறார் என்று ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவர் வருவதற்குள் மருந்தையாவது கொடுத்துவிடலாமே என்று தலைவரிடம் கேட்டேன். விளக்கேத்தாம எப்படிம்மா என்றார். என் மகள் அழுதாள். பள்ளிக்கூடத்துக்குப் பின்பக்கம் போய் உட்கார்ந்து அவளுக்குப் பால் கொடுத்தேன்.

திரும்பி வந்தபோது மேடையில் ஒரு வெள்ளித் தாம்பாளம் இருந்தது. நடுவில் குங்குமச் சிமிழ். சுற்றிலும் மல்லிகைச் சரம். சரத்துக்குள் மருந்துக் குப்பிகள் வட்டமாக, அழகாக, சீர்வரிசைத் தட்டில் பழம் அடுக்குவது போல அடுக்கப்பட்டிருந்தன. பிரமுகர் கையால் எடுத்துக் கொடுக்கத் தோதாக இருக்கட்டும் என்று செய்திருக்கிறார்கள். சாமியானாவின் கிழிசல் வழியாக வெயில் நேராகத் தட்டின் மேல் விழுந்துகொண்டிருந்தது. பக்கத்தில் பிளாஸ்க் மூடி திறந்து கிடந்தது. அதிலிருந்த ஐஸ் தண்ணீரை யாரோ டம்ளரில் ஊற்றிக் குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு குப்பியைத் தொட்டுப் பார்த்தேன். குழந்தைக்கு வெந்நீர் பதம் பார்க்கிற கை என் கை. குப்பி சுட்டது.

எத்தனை நேரமாக இப்படி இருக்கிறது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. நல்லா இருக்குல்ல என்று மகளிர் அணியில் ஒருத்தி கேட்டாள். அந்த நேரத்தில் பிரமுகரின் கார் வந்துவிட்டது. மேளம் அடித்தார்கள். மாலை, விளக்கு, சால்வை, பேச்சு. பேச்சில் அவர் வரிசையில் நின்ற பெண்களைப் பார்த்து, உங்கள் அறியாமையைப் போக்கவே நாங்கள் வந்திருக்கிறோம் என்றார். நான் தட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பேச்சு முடிந்ததும் முதல் சொட்டு எங்கள் சங்கத்துக் குழந்தைக்கு என்று தலைவர் அறிவித்து என்னைக் கூப்பிட்டார். படமெடுப்பவர் தயாராக இருந்தார். நான் மேடையேறி, மகளின் வாயை என் உள்ளங்கையால் மூடிக்கொண்டேன்.

"அண்ணே, வேண்டாம்ணே. மருந்து கெட்டுப் போயிருக்கும்."

அவர் சிரித்த முகம் மாறாமல், ஒலிபெருக்கியைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டார். "குடுத்தா பிள்ளைகளுக்கு ஏதும் ஆயிருமா?"

"கெடுதல் செய்யாது. ஆனா நல்லதும் செய்யாது. வெறும் தண்ணி."

"அப்பறமென்ன தங்கச்சி, குடுத்துருவோம். அம்புட்டுப் பேரும் காத்துக்கிட்டு நிக்காக. ஒம் பிள்ளைக்கு நாளைக்கு டாக்டர்ட்ட தனியாப் போட்டுக்க."

அதைச் சொன்னபோது அவர் குரலில் கள்ளமே இல்லை. எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்தார். என் குழந்தைக்கு நாளை, டாக்டரிடம், நல்ல மருந்து. வெயிலில் நிற்கிற குழந்தைகளுக்கு இன்று, இங்கே, தண்ணீர். இது அவருக்கு ஒரு கணக்காகவே தோன்றவில்லை. என் வாழ்நாளில் அப்படி ஒரு கோபம் எனக்கு வந்ததில்லை. பெரியவர்கள் முன்னால் குரலை உயர்த்தி எனக்குப் பழக்கமும் இல்லை. மேடைக்குக் கீழே என் கணவர் எழுந்து நின்று, எதுவானாலும் வீட்டுக்குப் போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று கையால் சைகை காட்டினார். நான் தட்டை எடுத்தேன். மல்லிகையும் குங்குமமும் குப்பிகளுமாக அதை அப்படியே மேடையோரம் கை கழுவ வைத்திருந்த வாளியில் கவிழ்த்தேன். பிறகு மேடை விளிம்புக்கு வந்து, இது ஐஸில் இருக்க வேண்டிய உயிருள்ள மருந்து, வெயிலில் செத்துக் கெட்டுவிட்டது, இன்று யாரும் கொடுக்க வேண்டாம், நல்ல மருந்தோடு மறுபடி வருகிறோம் என்று வரிசையைப் பார்த்துச் சொன்னேன்.

வரிசையின் முன்னால் நின்ற பெண், இடுப்பில் ஒரு பெண் குழந்தையோடு, என்னைத்தான் பார்த்துச் சொன்னாள்.

"விடிஞ்சதுலருந்து வெயில்ல நிப்பாட்டிட்டு இப்பக் கெட்டுப் போச்சுங்கீக. ஒங்க வீட்டு விசேசத்துக்குக் கூட்டம் பத்தலைன்னு கூப்புட்டீகளாக்கும்?"

பின்னால் சிலர் சிரித்தார்கள். அது நல்ல சிரிப்பு இல்லை. அவள் கேட்டது அத்தனையும் நியாயம். பிரமுகர் கார் ஏறிப் போய்விட்டார். சால்வையை மறக்கவில்லை.

முகாமுக்குக் கடைசிவரை வர முடியாமல் போன டாக்டரிடம் சாயங்காலம் போனேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். முழுதும் கெட்டிருக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, சிலது தப்பியிருக்கலாம், ஆனால் நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன் என்றார். அந்தச் 'சிலது தப்பியிருக்கலாம்' என்னைத் தூங்கவிடவில்லை. தப்பிய மருந்தையும் சேர்த்து வாளியில் கொட்டிவிட்டேனோ? நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒரு குழந்தைக்காவது அது பலித்திருக்குமோ? என் கணவர் இரண்டு நாட்கள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. சங்கத்தில் என்னைப் பற்றி என்ன சொல்கிறார்கள் என்பதை மட்டும் சொன்னார். படிச்ச திமிர் என்கிறார்களாம்.

டாக்டர் புது மருந்து வரவழைத்தார். இந்த முறை மேடை வேண்டாம், வீடு வீடாகப் போகலாம் என்றேன். சங்கத்திலிருந்து யாரும் வரவில்லை. டாக்டரின் நர்ஸும் நானும் பஸ்ஸில் போவதாக இருந்தோம். கிளம்புகிற நேரத்தில் என் கணவர் ஸ்கூட்டரை வெளியே எடுத்து, பிளாஸ்க்கை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டார். நர்ஸ் பஸ்ஸில் வந்தாள்.

முகாமில் என்னைக் கேள்வி கேட்ட அந்தப் பெண்ணின் வீடு கண்மாய்க் கரைப் பக்கம் இருந்தது. வாசலில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "இது செத்ததா, உசுரோட இருக்கறதா?" என்றாள். நான் பிளாஸ்க்கைத் திறந்து காட்டினேன். அவள் கையை உள்ளே விட்டு ஐஸைப் பிடித்து, விரல் விறைக்கிறவரை வைத்திருந்தாள். பிறகு குழந்தையின் வாயைத் திறந்து காட்டினாள். அவளே எங்களோடு நடந்து வந்து, தெருவில் மற்ற வீடுகளையும் தட்டினாள். "வாங்கடி, இன்னைக்குக் குளுந்துதான் கெடக்கு" என்று கூப்பிட்டாள். பெரும்பாலும் எல்லோரும் பிள்ளைகளுக்கு மருந்து கொடுக்க விட்டார்கள்.

தெருக்கோடியில் ஒரு வீட்டில் கொடுக்க விடவில்லை. உள்ளே தொட்டிலில் குழந்தை சிணுங்குவது கேட்டது. அதன் தாய் கதவை ஒரு கை அகலம் மட்டும் திறந்து, முகாம் அன்று தானும் வந்து நின்றதாகச் சொன்னாள். "அன்னைக்கு நீங்கதான வேணாம்னீக. நாளைக்கு வந்து இதுவுங் கெட்டுப் போச்சும்பீக. எம் பிள்ளைய வச்சுச் சோதிச்சுப் பாக்காதீக." கண்மாய்க் கரைப் பெண்ணும் நர்ஸும் எவ்வளவோ சொன்னார்கள். நான் ஐஸைக் காட்டினேன். கதவு சாத்தப்பட்டது.

சொட்டு மருந்தை ஒரு முறை கொடுத்தால் போதாது, இடைவெளி விட்டு மறுபடியும் கொடுக்க வேண்டும். அதனால் அடுத்த மாதமும் போனோம், அந்தக் கதவையும் தட்டினேன். கதவு திறக்கவில்லை. அதற்கடுத்த முறை போனபோது பூட்டுத் தொங்கியது. செங்கல் சூளை வேலைக்குக் குடும்பத்தோடு போய்விட்டார்கள் என்றார்கள். எந்த ஊர்ச் சூளை என்று அக்கம்பக்கத்தில் ஒவ்வொரு வீடாகக் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

என் மகள் இப்போது தெருவில் ஓடுகிறாள், விழுகிறாள், முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வருகிறாள். அவளை அதட்ட எனக்கு மனம் வருவதில்லை. சங்கத்தின் ஆண்டு விழாவில் என் பெயரைச் சொல்லாமல், ஆனையூர் முகாம் சிறப்பாக நடந்தது என்று வாசித்தார்கள். தலைவர் என்னைப் பார்த்து, பழசை மறந்துரு தங்கச்சி என்றார், சிரித்துக்கொண்டே. நான் அவரிடம், அந்தக் கடைசி வீட்டுக் குழந்தை எங்கே இருக்கிறது என்று கேட்டேன். எந்தக் குழந்தை என்றார்.