நான்கு பிரியதத்தம், ஒரு நிமிஷம்

தூங்கவில்லை. குழாயடியில் குடத்தை வைத்துவிட்டு லூர்துமேரி எத்தனை தடவை சொன்னாலும் சரி, நர்ஸ் அல்போன்சா தூங்கவில்லை.

"அவ தூங்கிக்கினு இருந்ததாலதான் தேசம்மா செத்துப் போனா. ஆஸ்பத்திரிக்காரங்களே சொல்லிட்டாங்க. அப்புறம் இன்னா அத்தை?" என்கிறாள் லூர்துமேரி.

"நீ பார்த்தியா?"

"நான் எதுக்குப் பார்க்கணும்? ஊரே சொல்லுது."

ஊர் அங்கே இல்லை. நான் இருந்தேன். என் மகள் ஆனியின் கட்டிலுக்கும் தேசம்மாவின் கட்டிலுக்கும் நடுவே, தரையில், ஒன்பது நாள் இருந்தேன். பள்ளிக்கூடத்து வாத்தியார் ஞானதாஸும் தன் பங்குக்கு ஒன்று சொன்னார்: "நேரங்காலம் இல்லாம வெளிய சுத்துற பொம்பளைக்கு வேலையில கவனம் எங்கேர்ந்து வரும்?" அவர் மனைவிக்கு மூன்று பிரசவம் பார்த்தவள் இந்த அல்போன்சாதான். மூன்று தடவையும் கொல்லைப்புறமாக அழைத்து, கொல்லைப்புறமாகவே அனுப்பி வைத்தார். அவள் நேரங்காலம் இல்லாமல் வெளியே சுற்றியது அப்படித்தான்.

அவள் எங்கள் தெருவில், என் வீட்டுக்கு மூன்றாவது வீடு. கோயிலுக்குப் பின்னால் இருக்கும் தெரு. வயது முப்பதுக்குள். ஒல்லி. நகத்தடி எப்போதும் வெளுத்துப் போயிருக்கும். தலைக்குத் தேங்காயெண்ணெய் தடவினாலும் பினாயில் வாசனைதான் முதலில் வரும். காலை ஐந்தரைப் பூசை முடிந்ததும் முக்காட்டை எடுக்காமல் அப்படியே ஆஸ்பத்திரிக்கு நடப்பாள். கணுக்காலிலிருந்து முழங்கால் வரை பழம்புடவைக் கிழிசலைச் சுற்றியிருப்பாள். நின்று நின்று நரம்பெல்லாம் புழுப்புழுவாகப் புடைத்துவிட்டது. வார்டுக்குள் நர்ஸ் உட்காரக் கூடாது என்பது அங்கே சட்டம். உட்கார முக்காலியும் கிடையாது. கட்டில் இரும்பில் ஒரு முழங்காலை முட்டுக்கொடுத்து நிற்பாள். கொஞ்ச நேரம் இந்தக் கால், கொஞ்ச நேரம் அந்தக் கால்.

அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. சுவரில் சாய்ந்து நின்றபடியே சாப்பிடுவாள். "உக்காருடி, இங்க எந்த மேட்ரன் வரப்போறா?" என்று அவள் அம்மா அதட்டுவாள். உட்காருவாள். பக்கத்து வீட்டில் யாராவது இருமினால் எழுந்துவிடுவாள்.

இன்னொரு பழக்கமும் உண்டு. யார் எதிரே வந்தாலும் அவர்கள் கையைப் பிடித்துவிடுவாள். தெருப் பிள்ளைகள் ஓடிவந்து, "அக்கா, என் கையைப் பாரு" என்று நீட்டும். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்து, கண்ணை எங்கேயோ விட்டு, உதட்டை அசைப்பாள். பிறகு, "எண்பத்தெட்டு. நல்லா ஓடியாந்திருக்கே" என்பாள். என் கையையும் பார்த்திருக்கிறாள். "எழுபது. நீங்க இன்னும் ரொம்ப நாளைக்கு எல்லார்கிட்டயும் சண்டை போடலாம், அத்தை."

நாடி பார்க்கக் கடிகாரம் வேண்டும். வார்டுக்கு ஒரே கடிகாரம். அது நர்ஸ்களுக்குத் தலைவியான மேட்ரன் அம்மாவின் மார்பில் ஊசி குத்தித் தலைகீழாகத் தொங்கும். மேட்ரன் அம்மா எங்கே போகிறாரோ, கடிகாரமும் அங்கே போகும். கட்டிலில் கிடப்பவர்களுக்கு நாடி ஓடாமல் இருக்குமா? அதற்கு அல்போன்சா ஒரு வழி கண்டுபிடித்தாள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கோயில் கடிகாரத்தின் எதிரே நின்று, மாதாவுக்குச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தைச் சொல்லிப் பார்த்தாள். வேகமும் இல்லை, இழுவையும் இல்லை. நான்கு பிரியதத்தம் சொன்னால் சரியாக ஒரு நிமிஷம். ஒரு மாதம் அப்படியே பழகினாள். நோயாளியின் மணிக்கட்டில் விரல், உதட்டில் நான்கு பிரியதத்தம், மனசுக்குள்ளே எண்ணிக்கை. மூன்றும் ஒரே சமயத்தில் எப்படி வருமோ, எனக்கு வராது. மேட்ரன் அம்மா கடிகாரத்தோடு வந்து சோதித்தால் இரண்டுக்கு மேல் வித்தியாசம் இருக்காது.

ஏழைகளுக்கென்று பெரிய மனிதர்கள் கமிட்டி போட்டு நடத்தும் பிரசவ ஆஸ்பத்திரி அது. பதினெட்டுக் கட்டில். பேருக்கு மூன்று நர்ஸ். ஆனிக்கு இடுப்பு வலி எடுத்து நாங்கள் அங்கே சேர்ந்த வாரம், ஒருத்தி வார்டிலேயே டைபாய்டு பிடித்துப் படுத்துவிட்டாள். இன்னொருத்தியைக் கமிட்டித் தலைவர் தம் மருமகளின் பிரசவத்துக்கு வீட்டோடு துணையிருக்க அழைத்துப் போய்விட்டார். மிஞ்சியது அல்போன்சா. திங்கட்கிழமை பூசையிலிருந்து வந்தவள் வீட்டுக்குப் போகவில்லை. நோயாளிகளுக்குப் போட்டு மீந்த சோறுதான் அவளுக்கும். அதையும் மத்தியானம் மூன்று மணிக்குத் துணி வெளுக்கும் அறையில் நின்று தின்றாள்.

பேச்சு வாங்குவது தனிக் கணக்கு. "இன்னாமே, கூப்ட்டா காது கேக்காது?" என்பார் ஒரு புருஷன். அவள் தொட்டுக் கொடுத்த பாலில் தண்ணீர் தெளித்துவிட்டுக் குடித்தாள் ஒரு மாமியார். பீத்துணி அலசுவதற்கு மட்டும் அந்தக் கை ஆகும்.

தேசம்மா நொச்சிக்குப்பத்துக்காரி. மீன் விற்கிறவள். திங்கட்கிழமை சாயந்திரம் பெண் குழந்தை பெற்றாள், மூன்றாவது. மறுநாள் ஆனிக்குப் பையன். வலி நின்றதும் தேசம்மாவின் வாய் திறந்தது, மூடவில்லை.

"இன்னா நர்ஸம்மா, எங் கையப் புட்ச்சிக்கினு முணுமுணுன்னு ஓதுற? மந்திரம் போட்டு என்னியும் மீனாக்கிடுவியா?"

"வாயை மூடு தேசம்மா. எண்ணிக்கை தப்பிடும்."

நான்கு பிரியதத்தமும் முடியும்வரை வாயை இறுக மூடிக்கொண்டிருந்தாள். முடிந்ததும், "நானும் எங்க எல்லையம்மன்கிட்ட வேண்டிக்கினேன். ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணிக்கட்டும்" என்றாள். அல்போன்சா சிரித்தாள். அந்த மூன்று நாளில் அவள் சிரித்ததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

புதன்கிழமை காலை. அவள் வீட்டுக்குப் போகாமல் நின்று மூன்றாவது நாள். ஒவ்வொரு கட்டிலாக நாடி பார்த்துக்கொண்டு வந்தாள். ஆனியின் கையைப் பிடித்து உதட்டை அசைத்தபோது, வழக்கம்போல நானும் மனசுக்குள் கூடவே சொன்னேன். நான் முடித்துவிட்டேன். அவள் இன்னும் நடுவில் இருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. மந்திரம் மட்டும் சேற்றில் கால் வைத்ததுபோல இழுத்து இழுத்து வந்தது. அது அவளுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது.

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். "அம்மாடி, நீ மெதுவாச் சொல்றே, போய்ப் படு" என்று ஒரு வார்த்தை. சொல்லவில்லை. அவள் போய்ப் படுத்துவிட்டால் என் மகளுக்கு யார்? அதனால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். லூர்துமேரி பழி போட ஆள் தேடுகிறாளே, இதைப் போட்டுக்கொள்ளட்டும்.

மந்திரம் நீண்டால் அதற்குள் துடிப்பு அதிகம் விழும். பதினெட்டுப் பேருக்கும் நூறுக்கு மேல் வந்தது. அல்போன்சா பயந்து ஓடினாள்.

"மேட்ரன் அம்மா, வார்டு முழுக்க நாடி ஏறியிருக்கு. என்னமோ தொத்து வந்திடுச்சு."

மேட்ரன் அம்மா வந்தார். கடிகாரத்தைத் தூக்கிப் பிடித்து மூன்று பேருக்கு எண்ணினார். எழுபத்தெட்டு, எண்பது, எழுபத்தாறு. வார்டுக்கே கேட்கும்படி சிரித்தார்.

"உன் மாதா கடிகாரத்துக்கு இன்னிக்குச் சாவி குடுக்க மறந்துட்டியா?"

கட்டிலில் கிடந்தவர்களும் சிரித்தார்கள். ஒன்பது மணிக்கு டாக்டரம்மா வந்தபோது கதை அவர் காதுக்கும் போயிற்று. அவர் சிரிக்கவில்லை, உத்தரவு போட்டார். இனிமேல் மேட்ரன் கடிகாரம் பார்த்துச் சொன்னால்தான் தம்மைக் கூப்பிட வேண்டும் என்று. மூன்று நாளாக நிற்கிறாயே என்று ஒருவரும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் கமிட்டியின் வருஷாந்தரக் கூட்டம். கீழே கூடத்தில் ரோஜாப்பூ, பன்னீர், காப்பி. மேட்ரன் அம்மா கடிகாரத்தோடு அங்கே போய்விட்டார்.

இரண்டு மணி இருக்கும். தேசம்மா பேசாமல் கிடந்தாள். அதுவே எனக்கு விசித்திரமாக இருந்தது. "குளுருது நர்ஸம்மா" என்றாள். வெயிலில் ஜன்னல் கம்பி கொதிக்கிறது, இவள் நெற்றியில் சில்லென்று வேர்வை. அல்போன்சா போர்வையை விலக்கினாள். விரிப்பு முழுக்க ரத்தம்.

கையைப் பிடித்தாள். உதடு அசையத் தொடங்கி நின்றது. காலையில் பட்டது நினைவுக்கு வந்திருக்கும். கூஜாத் தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"அத்தை, நீங்க சத்தமா சொல்லுங்க. கோயில்ல சொல்ற மாதிரி. நான் எண்ணிக்கிறேன்."

சொன்னேன். நான்கு. ஒன்றையும் இழுக்கவில்லை.

"நூத்தி நாப்பது" என்றாள். கட்டிலின் கால்மாட்டுக்கு அடியில் செங்கல் கொடுத்து உயர்த்தினாள். தேசம்மாவின் அடிவயிற்றில் என் கையை வைத்து, "இங்க அழுத்திக்கினே இருங்க, விடாதீங்க" என்று சொல்லிவிட்டு ஓடினாள்.

கூடத்து வாசலில் சேவகன் மறித்தான். ரத்தக் கறைத் துணியோடு பெரிய மனிதர்கள் முன்னால் போகக் கூடாதாம். சேதி மட்டும் உள்ளே போயிற்று. "காலையில பதினெட்டுப் பேரு, இப்ப யாராம்? கூட்டம் முடிஞ்சதும் வரேன்னு சொல்லு" என்று மேட்ரன் அம்மாவின் பதில் வந்தது. திரும்பி வந்து மறுபடி என்னைச் சொல்லச் சொன்னாள். நூற்று ஐம்பத்தாறு. மறுபடி ஓடினாள். அதே பதில். மூன்றாவது தடவை சேவகனைத் தள்ளிவிட்டு உள்ளேயே போய்விட்டாள். மேட்ரன் அம்மா கடிகாரத்தோடு மாடி ஏறி வந்தபோது மணிக்கட்டில் எண்ணுவதற்கு ஒன்றும் அகப்படவில்லை. டாக்டரம்மாவுக்கு ஆள் அனுப்பினார்கள். அவர் வந்து சாவு எழுதினார்.

தேசம்மாவின் புருஷன் ரங்கன் வலையைத் தோளில் போட்டபடியே வந்து நின்றான். "நர்ஸ் தூங்கிட்டா" என்று அவனிடம் சொன்னார்கள். நான் அவன் பின்னாலேயே வாசல் வரை ஓடி, "இல்லேப்பா, நான் பக்கத்துலயே இருந்தேன், அவ தூங்கல" என்றேன். "படிச்சவங்க சொல்றாங்களேம்மா" என்றான். அவன் மேல் எனக்குக் கோபம் இல்லை. கைக்குழந்தையை எப்படிப் பிடிப்பது என்று தெரியாமல் மீன்கூடையைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தான்.

அல்போன்சா வியாழனும் வெள்ளியும் தூங்கினாள். தூக்கத்திலும் ஒரு கை விரல் மற்றக் கையின் மணிக்கட்டில் இருந்ததாக அவள் அம்மா சொன்னாள். தூங்கினாள் என்று சொல்கிறவர்கள் அந்த இரண்டு நாளைச் சொல்லிக்கொள்ளட்டும்.

சனிக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அழைப்பு வந்தது. ஆனி இன்னும் கட்டிலில்தான் இருந்தாள். நானும் ஆபீஸ் அறை வாசல்வரை அல்போன்சாவோடு போனேன். உள்ளே மேட்ரன் அம்மாவும் கமிட்டிச் செயலாளரும். மேஜைமேல் ஒரு காகிதம். இங்கிலீஷில் இருந்ததைச் செயலாளர் தமிழில் சொன்னார்: வேலை நேரத்தில் தூங்கிவிட்டேன், அதனால் நோயாளியின் நிலைமையைச் சொல்லத் தவறினேன்.

"கையெழுத்துப் போட்டா நற்சாட்சிப் பத்திரம் தருவோம். வேற ஆஸ்பத்திரியில சேர்ந்துக்கலாம். போடலேன்னா பத்திரம் கிடையாது. அப்புறம் இந்தப் பட்டணத்துல எவனும் உன்னைச் சேர்த்துக்க மாட்டான்."

"நான் தூங்கல சார். மூணு தடவை வந்து சொன்னேன்."

"மூணு தடவையும் கடிகாரம் பார்த்தியா?" என்றார் மேட்ரன் அம்மா.

"கடிகாரம் உங்ககிட்ட இருந்துச்சும்மா."

"எதிர்த்துப் பேசாதே. போடு."

பழி சொல்ல வந்த வாயால் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் வாசலில் நின்று, "போட்டுத் தொலைடி, வூட்ல அம்மா கீறா" என்றேன். அவள் வேலையில்தான் அந்த வீட்டில் உலை ஏறியது. அவள் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. பேனாவைத் தொடவும் இல்லை.

மேஜைமேல் மேட்ரன் அம்மாவின் கை இருந்தது. அதன் மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தாள். செயலாளர் "ஏய்" என்றார். மேட்ரன் அம்மா கையை இழுத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. அல்போன்சா கண்ணை எங்கேயோ விட்டு, உதட்டை அசைத்தாள். நானும் மேஜையருகே போய்க் கூடவே சொன்னேன். இந்தத் தடவை நாங்கள் இரண்டு பேரும் ஒன்றாகவே போனோம். மேட்ரன் அம்மாவின் கண் தன்னையறியாமல் மார்புக் கடிகாரத்துக்குப் போயிற்று. எனக்கு எண் படிக்கத் தெரியாவிட்டாலும் முள் தெரியும். நான்காவது பிரியதத்தம் முடியும்போது அந்தச் சின்ன முள் ஒரு சுற்றுச் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தது.

"நூத்திப் பதினாறு" என்றாள் அல்போன்சா.

அந்தக் கையை, நோயாளியின் கையை வைப்பதுபோலவே, அலுங்காமல் அந்தக் காகிதத்தின்மேல் வைத்தாள். சேலைத் தலைப்பை இழுத்து முக்காடு போட்டுக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள்.