வெயில் ஸ்டூலுக்கு வரும் நாள்

தெருவே அவளைக் கத்திரி என்றுதான் கூப்பிட்டது. கையிலிருக்கும் கத்திரிக்காகவா, வாயிலிருக்கும் கத்திரிக்காகவா என்று அவள் முன்னால் கேட்க யாருக்கும் துணிச்சல் கிடையாது. ஒற்றை ஜன்னல் வைத்த முன்னறையில் தையல் மெஷினை மிதித்தே தங்கையைப் படிக்க வைத்து டீச்சராக்கியவள். குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோதுகூட, தூக்க வந்தவர்களிடம், "மெதுவா, மடிப்புக் கலையாம தூக்குங்க" என்றாள்.

ஆபரேஷன் முடிந்ததும், ஜன்னலடியில் இருந்த மெஷினுக்கு எதிர்ச் சுவரோரமாகக் கட்டில் போட்டுப் படுக்க வைத்தார்கள். தங்கை நல்லவள்தான். ஆனால் சரியான பயந்தாங்கொள்ளி. ஒரு பள்ளிக்கூட லீவு நாளில் மெல்ல ஆரம்பித்தாள்.

"மெஷினை வித்துடலாம் அக்கா. கண்ணு முன்னாடி இருந்தா எந்திரிச்சுப் போகத்தான் தோணும். மறுபடி விழுந்தா நான் என்ன செய்வேன்?"

பக்கத்து அச்சகத்தில் சாப்பாட்டு மணி அடித்தது. சூரியன் தாழ்வாகப் போகும் குளிர்காலம் அது. ஜன்னல் வழியே நுழைந்த வெயில் அறை நெடுக நீண்டு, கட்டில் காலைத் தொட்டுக்கொண்டு கிடந்தது. கத்திரி அதையே பார்த்தாள்.

"சூரியன் மேல ஏற ஏற, இந்த வெயில் ஜன்னல் பக்கமாச் சுருங்கிட்டே போகும்டி. மணி அடிக்கிறப்போ இதோட முனை என் மெஷின் ஸ்டூல்ல நிக்கிற அன்னைக்கு, நான் அதுல உட்கார்ந்திருப்பேன். இல்லன்னா வித்துக்கோ."

தங்கை தலையாட்டினாள். அவளைப் பொறுத்தவரை மெஷின் அப்போதே விற்றாகிவிட்டது.

மறுநாளிலிருந்து, மணி அடித்ததும் வெயிலின் முனையில் தரையில் ஒரு கோடு. துணியில் குறி போடும் சாக்பீஸை அளவுகோலின் நுனியில் கட்டி, படுத்தபடியே போட்டாள். முதல் சில வாரம் ஒரு கோட்டின் மேலேயே அடுத்த கோடும் விழுந்தது. "இதுவும் என்னை மாதிரி நொண்டிதான்" என்று சிரித்தாள். இந்த வேகத்தில் போனால் ஸ்டூலுக்கு வருவதற்குள் ஓடவே பழகிவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

அங்கேதான் கோட்டை விட்டாள். ஒரு தடவை அளவெடுத்துவிட்டு, அதை வைத்தே பத்துச் சட்டை வெட்டிய கை அது. வெயில் அப்படி அளவுக்கு அடங்குகிற வாடிக்கையாளரா என்ன? குளிர் விடத் தொடங்கியதும் எடுத்ததே ஓட்டம். கோடுகளுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி, பிறகு நான்கு விரல். கட்டிலில் இருந்து கோல் எட்டவில்லை. கோடு போட வேண்டுமானால் இறங்கித்தான் ஆக வேண்டும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்கினாள். வலியில் உயிர் போனது. வெயிலைத் திட்டித் தீர்த்தாள். டாக்டரையும் விட்டுவைக்கவில்லை. ஆனாலும் ஒரு கோடுகூடத் தவறவில்லை.

பிறகு வானம் மூடிக்கொண்டது. வெயிலே இல்லை, கோடும் இல்லை. போதாக்குறைக்குக் காய்ச்சல் வேறு வந்து அவளைப் படுக்கையில் தள்ளியது.

மேகம் விலகிய அன்று பள்ளிக்கூட லீவு. மணி அடித்தது. வெயிலின் முனை ஸ்டூலின் மேல் நின்றது. கத்திரி கட்டிலில் இருந்தாள். வாசலில் தங்கையும், மெஷினைப் பார்க்க வந்த தையல்காரரும் நின்றார்கள். வாக்கரைத் துடைக்கிற சாக்கில் தங்கை அதைக் கொல்லைப்புறம் வைத்திருந்தாள்.

"அக்கா, வெயில் வந்துடுச்சு" என்றாள் தங்கை, தரையைப் பார்த்தபடி.

"மணி இன்னும் ஓயலடி."

கத்திரி கட்டிலை விட்டு வழுக்கித் தரையில் உட்கார்ந்தாள். இரண்டு கையையும் ஊன்றி, தான் போட்ட கோடுகளின் மேலேயே உடம்பை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். மாதக்கணக்கில் போட்ட கோடெல்லாம் அவள் உடுப்பில் ஒட்டிக்கொண்டு அழிந்தது. தூக்க ஓடிவந்த தங்கையிடம், "தொட்டா கையை ஒடிச்சிடுவேன்" என்றாள். மெஷினின் இரும்புக் காலைப் பற்றி எழுந்து, ஸ்டூலில் விழுந்தாற்போல் உட்கார்ந்தாள். மணி ஓய்ந்து வெகுநேரமாகியிருந்தது. அதை எடுத்துச் சொல்ல அந்த அறையில் யாருக்கும் வாய் வரவில்லை.

முறியாத பக்கத்துக் காலைப் பெடலில் வைத்தாள். முகமெல்லாம் வியர்வை. தையல்காரர் மெல்லக் கேட்டார்:

"மெஷின் நல்லா ஓடுமாம்மா?"

கத்திரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நீரும் ஒரு தையல்காரர், பாக்கெட் பிஞ்சு தொங்குது. சட்டையைக் கழட்டிக் குடும். ஓடுதா இல்லையான்னு உட்கார்ந்து பாரும்."

மெஷின் வாங்க வந்தவர் பனியனோடு கட்டிலில் உட்கார்ந்தார். தங்கை அழுதுகொண்டே, சட்டையின் நிறத்துக்கு நூல் தேடினாள்.